மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

சகோதரி, உங்கள் கேள்வி நீளமானது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. அவர் சர்க்கரை நோயாளி. புத்தாண்டு ஆராதனையில் உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருஷத்துக்கென்று வேதவசனம் அச்சிட்டுக் கொடுக்கும் அட்டையில், எரேமியா 29:11 இருந்தது. வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், மாத்திரை சாப்பிடுவதும் இன்சூரன்ஸ் கட்டுவதும் அவிசுவாசம் என்றும், கடன் வாங்கியாவது ‘விதை’ காணிக்கை கொடுத்தால் கதவு திறக்கும் என்றும் சொல்கிறார். இடையில் வந்த ஒரு வேலையை, பொய் பில் போடச் சொன்னதால் கணவர் விட்டுவிட்டார், அதற்கு மாமனார் வீட்டில் தினமும் ஏச்சு. ‘கர்த்தரை நம்புவது என்றால் அன்றாடம் என்னதான் செய்ய வேண்டும்?’ என்று கேட்டு, சபை மாற வேண்டுமா என்று முடித்திருக்கிறீர்கள்.

ஆனால் வரிகளுக்கு நடுவே நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது: ஒன்றும் நடக்காததற்கு எங்கள் விசுவாசக் குறைவுதான் காரணமா? இந்தக் கேள்வியோடு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தென் மாவட்டங்களில் சபை ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேதத்தையும் சபை வரலாற்றையும் முறையாகப் படித்திருக்கிறேன். மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஜெபிக்கப் போய் நின்ற அனுபவம் நிறைய உண்டு. எதை அடித்துச் சொல்ல முடியுமோ அதை அடித்துச் சொல்கிறேன், முடியாததை முடியாது என்றே விட்டுவிடுகிறேன்.

முதலில் அவசரமானது. மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. சர்க்கரை வலிக்காத நோய். மாத்திரையை விட்டுச் சில வாரங்கள் ஆனாலும் ஆள் நன்றாக நடமாடுவார். அதைப் பார்த்துத்தான் ‘கர்த்தர் சுகம் கொடுத்தார், மாத்திரையே இல்லை’ என்று சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கிறார்கள். அந்த வாரங்களிலும் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும். இன்சுலினையே நம்பி இருக்கிறவர்கள் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். சாட்சி சொன்ன அதே மனிதர் பிறகு கால் விரலை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மேடையில் அழைத்தவர் அங்கே வருவதில்லை. கசப்பாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, அப்படியே இருக்கட்டும்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்றால், தாராளமாக உண்டு. எசேக்கியா ராஜா சாகும் நிலையில் இருந்தபோது, அவன் ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டப்படும் என்று கர்த்தர் ஏசாயா மூலம் சொன்னார். அதைவிடத் திட்டமான வாக்குத்தத்தம் யாருக்கும் கிடைக்காது. அந்த வார்த்தையைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அடுத்ததாக, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). பவுலின் கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் அந்தக் காலத்து மருந்தைத்தான் எழுதி அனுப்பினார். துரோப்பீமு என்ற ஊழியனை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார், அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு பக்கம், தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, ‘குதியும், தூதர்கள் தாங்குவார்கள்’ என்று இயேசுவுக்கு வசனம் காட்டியவன் யார் என்று மத்தேயு 4-இல் பாருங்கள், பிசாசுதான். இயேசு குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று இன்னொரு வசனத்தைச் சொல்லி மறுத்தார். மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதை நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இதோடு இன்னொன்று. வெள்ளிக்கிழமை உபவாசத்தில் கணவரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் கேட்காமல் அவர் உபவாசம் இருக்க வேண்டாம். மாத்திரைச் செலவுதான் பாரம் என்றால், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

இனி எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்ற வசனம். நம் வீடுகளில் காலண்டரிலும் ஸ்டிக்கரிலும் பைக் முன்னாலும் இருப்பது. அட்டையில் அந்த ஒரு வசனம்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள இரண்டு அதிகாரங்களையும் இன்று இரவு கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

அது ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் எகொனியா ராஜாவையும் கைத்தொழிலாளிகளையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கி.மு. 597-இல் நடந்தது அது. வீடு வாசல், வேலை, ஆலயம் எல்லாம் போய், அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறான். இந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் ஒரு சண்டை நடக்கிறது. எரேமியா கழுத்தில் மரநுகத்தை மாட்டிக்கொண்டு ஊரில் திரிகிறான், இந்த அடிமைத்தனம் சீக்கிரம் முடியாது என்பதற்கு அடையாளமாக. அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி. அவன் ஆலயத்தில், எல்லா ஜனங்களுக்கும் முன்பாக, ‘இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள்’ என்று கர்த்தருடைய பேரில் சொல்கிறான். எரேமியா என்ன சொன்னான் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்றான். அவனுக்கும் ஆசைதான். பிறகு அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துப்போட்டான். கூட்டம் அன்று யார் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கொஞ்ச நாளில் கர்த்தருடைய வார்த்தை எரேமியாவுக்கு வந்தது: நீ மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். அனனியா அந்த வருஷமே செத்துப்போனான்.

இதற்கு அடுத்துத்தான் 29-ஆம் அதிகாரக் கடிதம் வருகிறது. அதில் 11-ஆம் வசனத்துக்கு முன்னால் 10-ஆம் வசனம் இருக்கிறது: எழுபது வருஷம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். அந்த எழுபது வருஷமும் என்ன செய்யச் சொல்கிறான்? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம்பண்ணுங்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. நம்பிக்கை என்று எரேமியா எதைச் சொல்கிறானோ, அது கத்தரிக்காய்ப் பாத்தி கட்டுகிற வேலையாகத்தான் இருக்கிறது. வாக்குத்தத்த அட்டையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கையில் வாங்கியபோது அழுத எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டையில் டிசம்பர் 31 என்று கெடு எதுவும் எழுதியிருக்கவில்லை. கெடு வைத்தவன் அனனியா.

‘விதை’ காணிக்கை விஷயத்தில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் ஜெபிக்கப் போனபோது வேதாகமத்தைத் திறந்ததும் உள்ளேயிருந்து மூன்று அடகு ரசீதுகள் மடியில் விழுந்தன. மூன்றும் கூட்டங்களில் கொடுத்த காணிக்கைக்காக வைத்த நகைகள். வட்டி கட்ட வழியில்லாமல் அந்த அம்மா அவற்றை மல்கியா 3:10 பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற அந்த வசனத்தைச் சொல்கிறவர்கள் உபாகமம் 14-இன் கடைசி வசனங்களையும் சேர்த்து வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தசமபாகம் விளைச்சலிலிருந்து எடுப்பது. விளையாத நிலத்துக்கு அது கிடையாது. மூன்றாம் வருஷத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போய்ச் சேர வேண்டும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று சட்டமே இருந்தது. வருமானம் நின்றுபோன உங்கள் வீடு இன்றைய தேதிக்கு அந்தப் பட்டியலில் பெறுகிற பக்கம் இருக்கிறது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். மாற்கு 12-இல் அவள் வருவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அவளை அவர் மெச்சினார் என்பது உண்மை. ஆனால் அவளிடம் அந்தக் காசைக் கேட்கச் சொல்லி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

‘ஜார்ஜ் முல்லரைப் பாருங்கள்’ என்பார்கள். பார்ப்போம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை, யாரிடமும் பணம் கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பி வளர்த்த மனிதர். 1834-இல் அவர் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கியபோதே வைத்த விதிகளில் ஒன்று, கடன் வாங்குவதில்லை என்பது. வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிட்டார். அவரைக் காட்டிக் கடன் வாங்கச் சொல்வது வேடிக்கை.

நம் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, உங்கள் அம்மாச்சிக்குத் தெரிந்திருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அதில் விழும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் இருந்த ஒரு சேகரத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், கடையில் இலை கொடுக்காத வாரங்களில், அந்த டப்பா அரிசியையே எடுத்து உலை வைத்துவிட்டு, கர்த்தருடையதைத் தின்றுவிட்டேன் ஐயரே என்று என்னிடம் அழுதார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியைக் கூப்பிட்டு, கோயில் அரிசியிலிருந்து அந்த டப்பா நிறைய அளந்து போட்டுக் கொடுத்தனுப்பினோம். உங்கள் சபையில் இப்படி யாராவது செய்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்வதும் விசுவாச வாழ்க்கையில் சேர்ந்ததுதான், நம் ஆட்களுக்குக் கொடுப்பதைவிட அது கஷ்டம்.

இன்சூரன்ஸ் பற்றி வேதம் நேரடியாகப் பேசவில்லை. ஆகவே இங்கே நான் சொல்வது என் தீர்மானம், வேதவாக்கு அல்ல. யோசேப்பு செழிப்பான ஏழு வருஷமும் ஐந்திலொரு பங்கு தானியத்தைச் சேர்த்து வைத்தான். நெகேமியா, ‘எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்’ என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் எழுதியிருப்பது இன்னும் காரமானது. திருநெல்வேலி சபைகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே விதவைகள் நிதி வைத்திருந்தார்கள். சபையில் போதித்துவந்த உபதேசியார் இறந்தால் அவர் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகச் சேர்த்த பணம். அவர்களை அவிசுவாசிகள் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. முடிந்தால் கட்டுங்கள். முடியாவிட்டால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்ட முடியவில்லை என்பதற்காகவும் விசுவாசத்தைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்போது எனக்கே பதில் இல்லாத இடம். ஏன் உங்கள் ஜெபத்துக்கு எட்டு மாதமாகப் பதில் வரவில்லை? தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள், யோபு பட்ட துன்பத்துக்குக் காரணம் சொல்ல வந்த அவன் சிநேகிதர்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. விசுவாசத்தின் அளவைப் பொறுத்துத்தான் பதில் என்றால், திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதையை என்ன செய்வது? 1895-இல் இந்தியாவுக்கு வந்து, தேவதாசிகளாக இந்துக் கோயில்களுக்கு விடப்பட இருந்த பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் வளர்த்தவர். அவரும் பணத்துக்காக யாரிடமும் கையேந்தாமல் ஜெபித்தே நடத்தினார். 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் உடைந்தது. பிள்ளைகள் எத்தனை ஜெபித்திருப்பார்கள்! 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே இருந்தார். அவருடைய விசுவாசம் சிறியது என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. அதே டோனாவூரில் அவர் காலத்திலேயே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுகம் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது, வேலை இந்த மாதம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கர்த்தர் சுகமாக்குகிறவர் என்று நான் நம்புகிறேன், அதற்காக இப்போதும் ஜெபிக்கிறேன். இரண்டும் சேர்ந்தேதான் என் ஊழியம் முழுக்க இருந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். பொய் பில் போடச் சொன்ன வேலையைக் கணவர் விட்டுவிட்டார் என்பது. அதைக் குடும்பத்துக்கு வந்த இன்னொரு கஷ்டம்போல எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தபோது அந்த வரியில்தான் நின்றேன். கர்த்தரை நம்புவது என்றால் அன்றாடம் என்ன செய்வது என்று கேட்கிறீர்களே, அது உங்கள் வீட்டில் ஏற்கனவே நடந்திருக்கிறது. கையில் காசில்லாத மாதத்தில், கணக்கில் கைவைத்தால் சம்பளம் வரும் என்று தெரிந்தும், ஒரு மனிதன் எழுந்து வந்திருக்கிறார். தானியேல் 3-இல், ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர் சொன்னது நினைவிருக்கும்: எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம். அந்த ‘விடுவிக்காமற்போனாலும்’ என்பதை உங்கள் கணவர் வசனமாகச் சொல்லவில்லை, செய்துவிட்டார். மாமனார் வீட்டுக்கு முன்னால் நீங்கள் அவர் பக்கம் நின்றீர்களா என்று எழுதவில்லை. நிற்காவிட்டால் இனி நில்லுங்கள். இன்று மாலையே அவரிடம், நீங்கள் செய்தது சரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலையில்லாத ஆண்பிள்ளைக்கு வீட்டில் இந்த வார்த்தை கிடைப்பது அபூர்வம்.

மற்றபடி அன்றாடத்துக்கு நான் சொல்லக்கூடியவை சாதாரணமானவை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ஆகாரத்தை ‘இன்று’ தாரும் என்றுதான் இருக்கிறது. ஆகவே ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது செலவு நோட்டையும் எடுத்து வையுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, நாளைக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டு, பிறகு ஜெபியுங்கள். நோட்டை ஒளித்து வைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்வதைவிட அது நேர்மையான ஜெபம். பாட்டு வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தாவீது முறையிட்டது வேதத்துக்குள் இருக்கிறது, அவிசுவாசம் என்று யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை. காலையில் கணவர் வேலை தேடப் புறப்படும்போது பழைய சம்பளத்துக்குக் குறைவான வேலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பவுல் கூடாரம் தைத்தார். பொய் பில் இல்லாத சின்ன வேலை கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம், பெரியது வந்தால் மாறிக்கொள்ளலாம்.

சபை மாற வேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: உடனே வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது ஜெபக்குழுவில் ஒருவர்தான், உங்கள் பாஸ்டருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். கணவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், இப்படிச் சொல்கிறார்கள், உங்கள் எண்ணம் என்ன என்று கேளுங்கள். மாத்திரை போடுங்கள், கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம் என்று அவர் சொன்னால் அங்கேயே இருங்கள், அந்த ஒருவரிடம் மட்டும் தள்ளி நில்லுங்கள். அவரும் நிறுத்தத்தான் சொல்கிறார் என்றால், அடுத்த ஞாயிறே வேறு சபைக்குப் போங்கள்.